துக்கடாவும் சந்தாவும்

கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து, கனமான உருப்படிகள் எல்லாம் தீர்ந்தபின், கடைசியில் பாடுகிற சின்னப் பாட்டுகளுக்குத் துக்கடா என்று பெயர். துண்டு என்று பொருள்படும் வடநாட்டுச் சொல் அது, மேடையேறித் தமிழாகிவிட்டது. சந்தாவும் அப்படி வடக்கிலிருந்து வந்து குடியேறிய சொல்தான். சென்னைப் பட்டணத்தில் இசை பிழைத்த கதையை இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். இன்றைக்கு ஒரு பாடகி முப்பது விநாடி ரீல்ஸ் போடுகிறார். பார்த்தவர்களில் சிலர் மாதம் இவ்வளவு என்று கட்டி அவருடைய உறுப்பினர் வட்டத்தில் சேர்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் முழுப் பாட்டு, நேரலை, ஒத்திகைக் காட்சி. இசை துண்டு துண்டாகிவிட்டது, ரசிகன் வாடிக்கையாளன் ஆகிவிட்டான் என்று இதைப் பார்த்து அங்கலாய்ப்பவர்கள் இது நேற்று முளைத்த வழக்கம் என்று நினைக்கிறார்கள். துண்டைக் காட்டி ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவர்களிடம் சந்தா வாங்கி இசையை ஓட்டுவதும் இங்கே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். பாடுகிறவரின் கதியைத் துண்டின் நீளம் என்றைக்கும் தீர்மானித்ததில்லை. துண்டைக் கேட்டு மயங்கியவரின் பெயரும் விலாசமும் யார் கையில் இருந்தன என்பதுதான் தீர்மானித்தது.

கிராமபோனுக்கு முன்பே இந்த வியாபாரம் தெருவில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுக் காகிதத்தில் அச்சான பாட்டுப் புத்தகங்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. கொலைச் சிந்து, ரயில் விபத்து, வெள்ளம், தேசபக்திப் பாட்டு என்று எதுவும் விலைபோகும். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டு ஆராய்ந்த சரக்கு இதுதான். விற்கிற முறையைக் கவனிக்க வேண்டும். சந்தையிலும் திருவிழாவிலும் ரயில் பெட்டியிலும் விற்பவர் தாமே பாடுவார். கூட்டம் சேர்கிறவரை பாடி, கொலைகாரன் கத்தியை எடுக்கிற இடத்திலோ பாலம் சரிகிற இடத்திலோ நிறுத்தி, மிச்சத்துக்குப் புத்தகத்தை நீட்டுவார். பிற்காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகம் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டதெல்லாம் இந்த வித்தையின் வாரிசுதான். குஜிலிக்காரரிடம் ஒரு சௌகரியம் இருந்தது. பாடியவரும் அவரே, காசு வாங்கியவரும் அவரே. கேட்டவன் முகம் அவருக்கு எதிரே நின்றது. பிறகு வந்த எந்தத் தொழில்நுட்பத்திலும் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததில்லை.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இரண்டு மூன்று வருஷத்துக்குள் கம்பெனியின் ஆட்கள் தென்னாட்டுக்கும் வந்துவிட்டார்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மா போன்றவர்களின் குரல்கள் அந்த முதல் சுற்றிலேயே ஏறின. பதிவு நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மின்சார மைக் அப்போது கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழலின் வாய்க்குள் முகத்தைப் புதைத்தாற்போல நின்று உரக்கப் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் ஓர் ஊசி மெழுகுத் தட்டைக் கீறிக்கொண்டு போகும். மெல்லிய கமகம் ஊசிக்கு எட்டாது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷம், பன்னிரண்டு அங்குலத் தட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் ஆலாபனையைத் தொட்டு, பல்லவி அனுபல்லவி சரணம் பாடி, ஸ்வரம் போட்டு, இடம் மிஞ்சினால் தன் பெயரையும் சொல்லிவிட வேண்டும். கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னது பெருமைக்காக என்று நினைக்கிறவர்கள் உண்டு. தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை திறக்கும்வரை அங்கேதான். எந்தத் தட்டு யாருடையது என்று அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. இன்று காணொளியின் மூலையில் பாடகர் தன் கணக்கின் பெயரைப் பொறித்து வைப்பதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

தட்டும் ரீல்ஸும் எப்படி ஒன்றாகும், தட்டு காசு கொடுத்து வாங்கிய சரக்கு, ரீல்ஸ் இலவச விளம்பரம்தானே என்று இந்த இடத்தில் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டு யாருக்குச் சரக்கு, யாருக்கு விளம்பரம் என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளியும். கம்பெனிக்கு அது சரக்கு. பாடியவருக்கோ, ஆரம்ப வருஷங்களில், பெரும்பாலும் ஒரே தொகையாகக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். விற்பனையில் பங்கு என்பது பிற்காலத்தில், அதுவும் பெரிய பெயர்களுக்குக் கிடைத்தது. தட்டு பாடகருக்குச் செய்த உபகாரம், அவர் கால் வைக்காத ஊருக்கு அவருடைய குரலைக் கொண்டுபோனது. வாங்கியவரைவிட ஓசியில் கேட்டவர்கள் பல மடங்கு. காப்பி ஹோட்டல் வாசலில் கேட்டார்கள், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டார்கள், டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்குமுன் போடும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் கேட்டார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் எழுப்பிய புகழைத் தட்டு வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது. தட்டைக் கேட்டவன் நாடகத்துக்கு டிக்கெட் எடுத்தான். 1933இல் தமது இருபத்தேழாவது வயதில் கிட்டப்பா இறந்தபின் நாடகம் நின்றது, தட்டு நிற்கவில்லை. மவுண்ட் ரோட்டு சரஸ்வதி ஸ்டோர்ஸில் ஏ. வி. மெய்யப்பன் ஒடியன் தட்டுகளை விற்றுக் கற்ற பாடம்தான் பிறகு அவரைப் படமெடுக்க வைத்தது. மக்கள் எந்தத் துண்டை மறுபடி மறுபடி கேட்கிறார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பாடியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

துண்டு மட்டும் போதுமா, வட்டம் மட்டும் போதுமா என்பதற்கு இரண்டு பெண்மணிகளின் வாழ்க்கை சாட்சி. கோயம்புத்தூர் தாயி தட்டுக்காகவே பிறந்தவர்போல நூற்றுக்கணக்கில் பாடினார். 1912 வாக்கில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டெலாஜ் அவருடைய பாட்டில் கிறங்கிப்போனார். அந்தக் கிறக்கம் அவருடைய இசையிலும் ஏறியது. பாரிஸ்வரை போன குரல் 1917இல் நின்றது. அந்தக் குரலுக்கு உரியவரை இன்று இசை வரலாற்று ஆர்வலர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வீணை தனம்மாள் (1867-1938) இதற்கு நேர் எதிர். ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பெரிய வித்வான்களே கைகட்டி உட்கார்ந்த அந்த வட்டம் அவருக்கு மரியாதையைக் கொடுத்தது, வசதியைக் கொடுக்கவில்லை. கிராமபோனை அவர் நெடுநாள் அண்டவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில், முதுமையில், கொலம்பியாவுக்காகச் சில பக்கங்கள் வாசித்தார். அந்தச் சில நிமிஷங்கள்தான் இன்று நம்மிடம் இருக்கிற தனம்மாள். பரவாமல் போன வட்டமும், வட்டம் சேராமல் பரவிய துண்டும் ஒன்றுபோலவே கைவிட்டிருக்கின்றன.

இரண்டையும் சேர்த்துக் கட்டியது சபா. ஜமீன்தாரும் துபாஷியும் கோயிலும் ஆதரித்த காலம் தேய்ந்துகொண்டிருந்தபோது, பட்டணத்தில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் கூட்டாகப் பணம் போட்டு இசை கேட்கக் கற்றார்கள். நாடகத்தில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை 1891இலேயே உறுப்பினர் முறையை நடத்திக் காட்டியிருந்தது. 1900இல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா வந்தது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி. அடுத்த ஆண்டே மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா. ஒரு ராஜா கொடுத்த இடத்தில் முந்நூறு பேர் சேர்ந்து கொடுப்பது என்பது சாதாரண மாற்றம் இல்லை. சந்தா கட்டியவருக்கு அட்டை, நாற்காலி, வருஷத்துக்கு இத்தனை கச்சேரி. செயலாளரின் மேஜையில் ஒரு பேரேடு. அதில் உறுப்பினர் பெயர், தெரு, கதவு எண், பாக்கி. இந்தப் பேரேட்டைத்தான் இசை வரலாறு எழுதுகிறவர்கள் போதிய மரியாதையோடு பார்க்கவில்லை என்பது என் எண்ணம். வித்வான்களின் பரம்பரையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அவர்கள் வீட்டில் உலை கொதிக்க வைத்த கணக்குப் புத்தகத்துக்கு ஒரு பத்திகூடக் கொடுப்பதில்லை.

சந்தா கட்டியவன் இசையையும் தன் வசதிக்கு வளைத்தான். மறுநாள் ஆபீஸ் போக வேண்டியவனுக்கு விடியவிடியக் கச்சேரி ஆகாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரோடு நிலைத்துவிட்ட கச்சேரிப் பத்ததி இந்தக் கடிகாரத்துக்குப் பொருந்தியது: வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள் சிலவற்றை அடுக்கி, நடுவில் ஒரு கனமான உருப்படி, தனி, பிறகு துக்கடா. மூன்று நிமிஷத் தட்டில் கேட்டுப் பழகிய காதுக்கும் அது இதமாக இருந்திருக்கும். கச்சேரி மாறியது தட்டினாலா சபாவினாலா என்று பிரிக்க முயல்வதில் பயனில்லை. கேட்டவர்கள் ஒரே மனிதர்கள். ஆனால் எந்தப் பாட்டு எங்கே வைக்கப்பட்டது என்பதில்தான் குடுமிப்பிடி வந்தது. சபா மேடையில் முக்கிய நேரம் முழுதும் தெலுங்கு, சமஸ்கிருத கீர்த்தனைகளுக்கு. தமிழ்ப் பாட்டு கடைசியில், ஆள் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், துக்கடாவாக. தட்டிலோ தமிழ்ப் பாட்டுதான் பெருமளவில் விற்றது. மதுரை பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாட்டுகளை வாங்கியவர்கள் சபா அட்டை வைத்திருந்தவர்கள் இல்லை. வெளியே இருந்த பெருங்கூட்டத்தின் ரசனையும் உள்ளே சந்தா கட்டிய சிறுகூட்டத்தின் ரசனையும் இப்படி விலகி நின்றதுதான் 1941இல் அண்ணாமலைநகர் மாநாட்டில் தமிழிசை இயக்கமாக வெடித்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பணத்தோடு நின்றார், கல்கி பேனாவோடு நின்றார். எதிர்த்தரப்பை மாற்றிவிட முடியாது என்று கண்டபின் அவர்கள் செய்தது என்ன? 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் என்று தங்களுக்கென ஓர் அமைப்பைக் கட்டினார்கள். பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்வதுதான் பாட்டு என்பது இரு தரப்புக்கும் புரிந்திருந்தது.

சபாவை ரசிகர் வட்டத்தோடு ஒப்பிடுவதே பிழை என்று சொல்லலாம். ரசிகர் வட்டம் ஒருவருக்காகச் சேர்வது. சபா பலருக்குமான மேடை. நடுவில் கமிட்டி உண்டு, கமிட்டிக்கு விருப்பு வெறுப்பும் சாதியும் உண்டு. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். சொல்லப்போனால் வேறுபாடு அதைவிட ஆழமானது. நட்சத்திரப் பாடகரைக் கேட்க வந்தவன் கட்டிய பணத்தில்தான் பகல் ஒரு மணிக்கு, காலி நாற்காலிகளுக்கு முன்னால், அறிமுகம் இல்லாத பிள்ளை பாடியது. டிசம்பர் சீசனில் அந்தப் பகல் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. பெயர் வாங்கியவருக்காக வந்த காசு பெயர் வாங்காதவருக்கு மேடையாயிற்று. கமிட்டிகள் இதைப் பரந்த மனத்தோடு செய்தன என்று சொல்ல வரவில்லை. இளைய கலைஞருக்குப் போக்குவரத்துச் செலவுகூடக் கிடைக்காத மேடைகள் உண்டு; நாகஸ்வரக்காரரை மங்கல இசையோடு அனுப்பிவைத்த சபாக்களும் உண்டு. ஆனாலும் பொதுப்பணம் என்று ஒன்று இருந்தது. ஒருவருக்கென்று தனியாகச் சேரும் வட்டத்தில் அது இருக்க முடியாது. கட்டணம் முழுவதும் அந்த ஒருவருக்கே போகும், அடுத்த தலைமுறைக்குப் பகல் கச்சேரி வைக்க யாரும் இல்லை.

வானொலியிலும் இதே கதையின் சில அத்தியாயங்கள் உண்டு. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மதராஸ் ராஜதானி வானொலிக் கழகம் உறுப்பினர்களை நம்பி ஒலிபரப்பியது. காற்றில் வருகிற பாட்டுக்கு வேலி போட முடியாதே. 1927இல் பணமுடையால் நின்றுபோயிற்று. அதன் கருவியைக் கொண்டு 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. 1938இல் அகில இந்திய வானொலி வந்தபின் பாடகருக்கு அரசாங்கமே புரவலர். சினிமாப் பாட்டுக்கு டில்லியில் முகம் சுளித்த 1950களில் இலங்கை வானொலி அதை அள்ளிக்கொண்டது; நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை போட்ட லட்சக்கணக்கான தமிழர்களின் பெயர்கள் கொழும்பில்தான் வாசிக்கப்பட்டன. தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ வெள்ளிக்கிழமை மாலையில் தெருவைக் காலி செய்தது. அதிலும் படத்திலிருந்து வெட்டிய துண்டுகள்தான், டிக்கெட் விற்றது தியேட்டரில். 2011 நவம்பர் 16இல் யூடியூபில் ஏறிய ‘கொலவெறி’ இந்த வரிசையில் ஒரு புதிர். உலகமே முணுமுணுத்தது. அந்தப் பாட்டு இடம்பெற்று அடுத்த மார்ச்சில் வந்த ‘3’ படம், பாட்டு ஓடிய அளவுக்கு ஓடவில்லை. கேட்டவர்களில் யாரை எங்கே கூப்பிடுவது என்று எவரிடமும் பட்டியல் இல்லை.

அதற்குப்பின் வந்த மாற்றம்தான் உண்மையில் புதிது, நீளத்தில் வந்த மாற்றம் புதிதல்ல. 78 சுழற்சித் தட்டின் மூன்று நிமிஷம் சினிமாப் பாட்டின் அளவாக அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று பதினைந்து விநாடியைக் கண்டு பதறுகிறார்கள். தட்டின் காலத்தில் துண்டு கம்பெனியிடமும் சந்தா சபாவிடமும் இருந்தன. பாடகர் இரண்டுக்கும் நடுவே நடந்து போய்வந்தார். ஒருவர் கைவிட்டால் இன்னொருவர். இப்போது துண்டை ஓடவிடுகிற கம்பெனியே சந்தாவையும் வசூலிக்கிறது. யூடியூப் சேனலில் உறுப்பினர் கட்டுகிற நூறு ரூபாயில் முப்பது ரூபாய் கம்பெனிக்குப் போகும். கமிட்டி இல்லையே, யாருடைய வாசலிலும் நிற்க வேண்டாமே, சாதி கேட்பாரில்லையே என்பது நிஜமான லாபம். சபா வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். முப்பது ரூபாய் அதற்கு அதிகமில்லை என்றுகூட வாதிடலாம். சிக்கல் முப்பதில் இல்லை. கட்டியவர் யார், அவரை வேறு வழியில் எப்படிக் கூப்பிடுவது என்பது பாடகருக்குத் தெரியாது. 1997இல் மாரில்லியன் என்ற ஆங்கிலேய ராக் குழுவுக்கு அமெரிக்கப் பயணத்துக்குப் பணமில்லாதபோது ரசிகர்களே நிதி திரட்டினார்கள். அதைக் கண்ட குழு தன்னிடம் இருந்த ரசிகர் பட்டியலுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவாகாத இசைக்கு முன்பணம் கட்ட, 2001இல் தொகுப்பு வெளிவந்தது. அந்தக் குழுவிடம் இருந்ததும் ஒரு பேரேடுதான்.

ஆகவே இன்று பாடத் தொடங்குகிற ஒருவருக்குச் சொல்லக்கூடியது, துண்டு போடாதே என்பதல்ல. தனம்மாளின் வீம்பு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பதினைந்து விநாடியாக இருந்தாலும் போடட்டும். ஆனால் பிடித்துப்போய் வருகிறவரின் பெயரையும் விலாசத்தையும் ஒரு நோட்டில் தானே எழுதி வைத்துக்கொள்ளட்டும். 2020 ஜூன் 29 இரவு இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த பாடகர்களுக்கு மறுநாள் காலையில் அவர்களில் ஒருவரைக்கூட அழைக்க வழி இருக்கவில்லை. 1900இல் தொடங்கிய திருவல்லிக்கேணிச் சபா அந்த வருஷத்தையும் தாண்டி இன்னும் மார்கழிக் கச்சேரி வைத்துக்கொண்டிருக்கிறது.